கப்பலய்யனுக்குக் கடலில் கொடுத்த திதி

நான் இலங்கைக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, கப்பல் உடைந்து இறந்துபோன ஒருவருக்குத் திதி கொடுக்க. அவர் எனக்கு முன்னோரும் அல்ல. என் தங்கை சாந்தாமணி வாழ்க்கைப்பட்ட மோகனூர்க் குடும்பத்தின் பூட்டன். முதல் உலகப் போருக்கு முன்னால் காளை விற்கக் கப்பலேறியவர் திரும்பவில்லை. கூடப் போன பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மட்டும் திரும்பி வந்து, "கப்பல் உடைஞ்சு போச்சு, உங்க ஆளைக் காணோம்" என்று சொல்லியிருக்கிறார். இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் குடும்பம் ஒரு புயலையும், பனையளவு அலைகளையும், கடைசி நிமிடத்தில் குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே மூழ்கிய ஒரு வீரரையும் பொருத்திக்கொண்டது.

அவர் கப்பலேறிய வருடத்தை நான் இங்கே எழுதவில்லை. குடும்பத்தில் மூத்தவரான, தங்கை கணவரின் அண்ணன் சென்னியப்பன் ஒரு வருடம் சொல்கிறார், அவருடைய பங்காளிகள் வேறொரு வருடம் சொல்கிறார்கள். இரண்டு வருடங்களிலும் அவர்கள் சொல்லும் கிழமையில் அவர்கள் சொல்லும் திதி வரவில்லை என்று பழைய பஞ்சாங்கங்களைப் பார்த்து நான் சொன்னபோது, அதுவரை பேசாமலிருந்த இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து என்னைக் கோபித்துக்கொண்டன. நாமக்கல்லில் இருந்தபடி ஊர் வரலாற்றுக் குறிப்புகள் எழுதிவரும் எனக்கு இது பழக்கம்தான். தேதி தெரியாதவரை எல்லோரும் வரலாற்றை நேசிக்கிறார்கள்.

பூட்டனுக்குக் கரும்புக் காட்டோரம் ஒரு கோயில் உண்டு. கப்பலய்யன் என்று பெயர். சிமெண்டில் செய்த கப்பல். அதைச் செய்தவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் என்பதால் முகப்பு லாரி முகப்பாகவே வந்திருக்கிறது. பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருக்கும். கைப்பழக்கத்தில் எழுதிவிட்டார். சாமிமேல் எழுதியதை அழிக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். கும்பிட வருகிறவர்களும் அதற்குக் கட்டுப்பட்டு மணியடிக்கிறார்கள்.

கடல் தங்கள் பூட்டனைக் கொண்டுபோனதால், அந்தக் கூட்டத்தார், அதாவது அந்தக் குலத்துப் பங்காளிகள், யாரும் கடல்நீரில் கால் நனைப்பதில்லை. இராமேஸ்வரம் போனால் எல்லாக் கிணற்றிலும் குளித்துவிட்டு, கடலைத் தள்ளி நின்று கும்பிட்டுத் திரும்புவார்கள். சென்னியப்பனின் தம்பி மகன் ஒருவன் அமெரிக்காவில் கடற்கரை நகரத்தில் வேலை பார்க்கிறான். செருப்பைக் கழற்றாமல் மணலில் நிற்கும் படங்களை மட்டும் அனுப்புகிறான். ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பாகத்தானே இருக்கிறது என்று ஒருமுறை பேச்சு வந்தது. அதை விட்டால் குளிக்க வேறு வழியில்லை என்பதால் அது கணக்கில் சேராது என்று உடனே தீர்மானமானது.

இந்த ஏற்பாட்டில் என் தங்கை மகள் நிவேதா குறுக்கே வந்தாள். அவள் படித்தது கப்பல் ஓட்டும் படிப்பு. படிக்கும்போது யாரும் தடுக்கவில்லை, கல்லூரி கரையில்தானே இருக்கிறது என்றார்கள். படித்து முடித்தவளுக்கு ஆவணி பிறந்ததும் சரக்குக் கப்பலில் பயிற்சி அதிகாரியாகச் சேர உத்தரவு வந்தபோதுதான் குடும்பம் விழித்தது. கப்பலின் தளத்தில்தானே நிற்கப்போகிறேன், கடல்நீரில் எங்கே கால் படுகிறது என்று அவள் கேட்டாள். தளத்தை எதை ஊற்றிக் கழுவுவார்கள் என்று சென்னியப்பன் திருப்பிக் கேட்டார். கழுவுவது கடல்நீரில்தான் என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. அவளை அவ்வளவு நன்றாகப் படிக்கவைத்தது எங்கள் தப்பு.

வழக்கப்படி கப்பலய்யனிடம் பூ கேட்டார்கள். ஈரப் பூவைச் சாமிமேல் ஒட்டவைத்துக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. பூ விழவே இல்லை. பொழுது சாய்ந்தும் விழவில்லை. திருவிழாவுக்காக அந்த வாரம்தான் கப்பலுக்குப் புது எனாமல் பூசியிருந்தார்கள், அது இன்னும் காயவில்லை என்று நான் விரலில் ஒட்டிய நீலத்தைக் காட்டிச் சொன்னேன். எனாமலுக்கும் தெய்வத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். பூ ஒட்டிக்கொண்டதற்குப் பொருள் ஆத்மா இன்னும் கடலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என்று பூசாரி விளக்கினார். செத்த இடத்திலேயே திதி கொடுத்தால்தான் அவர் வாய் திறப்பார்.

அதற்குள் சென்னியப்பன் இன்னொரு வழியையும் தயாராக வைத்திருந்தார். கல்யாணமானால் பெண் வேறு கூட்டம், அப்புறம் இந்த நோன்பு அவளைக் கட்டுப்படுத்தாது. இராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பத்தில் மாப்பிள்ளை இருக்கிறார். முதலில் கல்யாணம், பிறகு அவள் கடலைக் கலக்கிக் குடித்தாலும் ஆட்சேபணை இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பேசிப் பார்த்தேன். கப்பலைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பண்ணையில் முட்டை அடுக்கும் பிரிவை மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று மட்டும் சொன்னார்கள். ஆகவே திதி சரியாக நடந்தால் கப்பல், நடக்காவிட்டால் முட்டை என்பதுதான் நிவேதாவின் நிலை.

கடலில் இறங்கப் பங்காளிகளால் முடியாது. மாமன் மச்சான் முறைக்காரன் நான் இறங்கலாம், ஆனால் எனக்குத் திதி கொடுக்கும் உரிமை கிடையாது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஆடி அமாவாசை அன்று சென்னியப்பன் மோகனூரில் காவிரிக்கரையில் உட்கார்ந்து திதி கொடுப்பார். நான் அங்கே கடலில் நின்று வீடியோ அழைப்பில் அதைப் பார்த்து அப்படியே செய்வேன். கை என்னுடையது, உரிமை அவருடையது.

கிளம்பும்போது நிவேதா பேருந்து நிலையம்வரை வந்தாள். "மாமா, எனக்காகன்னு ஒண்ணும் சேர்த்துச் சொல்லாதீங்க. அங்க பாத்தத மட்டும் சொல்லுங்க" என்றாள். எனக்கு அதைவிடக் கடினமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

முதல் நாள், கொழும்பு. சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து பித்தளைச் செம்பை வெளியே எடுத்தார். காவிரி நீர் சிந்தாமலிருக்க, செம்பின் வாயை என் மைத்துனர் குழந்தைவேல் லாரிப் பட்டறையில் கொடுத்து, டீசல் டேங்கின் ஓட்டையை அடைக்கும் பசையால் அடைத்துத் தந்திருந்தார். உள்ளே என்ன என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். தண்ணீர் என்றேன். பக்கத்து மேசைக்காரரிடம் அவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, வரிசையில் நின்ற ஒரு தமிழர் எனக்கு மொழிபெயர்த்தார்: "சுற்றிலும் தண்ணீராக இருக்கும் நாட்டுக்கு இவர் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார், விட்டுவிடு, பாவம்."

சாயங்காலம் ஒரு கடையில் முட்டை ஆப்பம் சாப்பிட்டேன். கிண்ணம்போல் குழிந்த ஆப்பத்தின் நடுவே முட்டை ஒரு கண்ணாக விழித்துக்கொண்டிருக்கிறது, ஓரம் மொறுமொறுப்பு, தொட்டுக்கொள்ள வெங்காயமும் மிளகாயும் இடித்த சம்பல். பிரமாதமாக இருந்தது. உங்கள் ஊர்க் கோழிகள் வேறு சாதிபோல என்று கடைக்காரரைப் பாராட்டினேன். கோழி எங்களுடையதுதான், ஆனால் இந்த வாரம் முட்டை இந்தியாவிலிருந்து வந்தது என்றார். கடல் கடந்து வந்து நாமக்கல் முட்டையைச் சாப்பிட்ட முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன். பாராட்டியவன் வேண்டுமானால் நானாக இருக்கலாம்.

மறுநாள் முற்பகல் ஒரு நூலகத்தில் அந்தக் காலத்துக் கப்பல் விபத்துச் செய்திகளைப் படித்தேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக் கப்பல் விபத்து என்றால் நமக்கெல்லாம் ஒரே ஒரு பனிப்பாறைதான் நினைவுக்கு வரும். பெரும்பாலான கப்பல்கள் அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. மூடுபனியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, சரக்கறையில் நிலக்கரி புகைந்து எரிந்தன, கரைக்குப் பக்கத்தில் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டன. விசாரணையில் மாலுமித் தலைவர் கலங்கரை விளக்கத்தைக் குறை சொல்வார், விளக்குக்காரர் மாலுமியைக் குறை சொல்வார், இருவரும் சேர்ந்து நீரோட்டத்தைக் குறை சொல்வார்கள். நாமக்கல் புறவழிச்சாலையில் லாரி கவிழ்ந்தால் ஓட்டுநரும் வேகத்தடையும் நாயும் வருகிற அதே வரிசை.

இன்னொன்றையும் கவனித்தேன். அறையெடுத்துப் பயணம் செய்த துரைகளின் பெயர்கள் மனைவி, குழந்தை, நாய் சகிதம் அச்சாகியிருந்தன. தளத்தில் மூட்டைகளுக்கிடையே படுத்து வந்த நம் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. 'இவர்களைத் தவிரத் தளப் பயணிகளும் இருந்தனர்' என்ற ஒரு வரியோடு அவர்கள் முடிந்துபோகிறார்கள். கப்பலய்யனுக்குக் கோயில் கட்டியது ஒருவிதத்தில் நியாயம்தான் என்று அப்போது தோன்றியது. வேறு யாரும் அவருக்கு ஒரு வரிகூடத் தரவில்லை.

அன்று மதியமே கிழக்குக் கரைக்கு ரயிலேறினேன். காடு தொடங்கியதும் ரயில் நின்றது. தண்டவாளத்தில் யானை. எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் இருந்தார். யானை யோசித்து முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் அறிவுரை சொல்லி, வாழையிலையில் கட்டிய சோற்றைப் பிரித்து எனக்கும் பாதி வைத்தார். நம் ஊரில் யாராவது இறங்கிப்போய் யானையிடம் வழி கேட்டுச் சண்டை போட்டிருப்பார்கள். என் பயணத்தின் நோக்கத்தை அவரிடம் சொன்னேன். அவர் அதைத் தன் மனைவிக்குச் சிங்களத்தில் விளக்க, அந்த அம்மாள் என்னைக் கனிவாகப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "நூறு வருடமாகச் சாப்பிடாதவருக்குக் கொஞ்சம் குழம்பும் கொண்டுபோயிருக்கலாமே என்கிறாள்."

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஆடியில் புயலடித்துக் கப்பல் உடைந்தது என்பது குடும்பக் கதை. இந்தக் கிழக்குக் கரையில் ஆடி மாதம் கடல் அடங்கிக் கிடக்கும். புயலெல்லாம் ஐப்பசி கார்த்திகையில்தான். சன்னல் வழியே பார்த்தேன். வழியெல்லாம் மரங்களில் ஓர் இலைகூட ஆடவில்லை.

அன்று திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் பெயர் சொல்லியிருந்த அந்தக் கடலோரத் தமிழ்ச் சிற்றூரை இரவு வெகுநேரமான பிறகு அடைந்தேன். தங்கும் விடுதியை நடத்துபவர் ராணி என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கலகலப்பானவர். மீன் குழம்பு வைத்திருந்தார், விரதம் என்றேன். பருப்பும் முருங்கையிலையும் தேங்காய்ப்பாலில் வைத்துக் கொடுத்துவிட்டு, விரதமிருப்பவர்கள்தான் நிறையச் சாப்பிடுவார்கள் என்று தட்டை நிரப்பினார். சாப்பிட்டுக் கைகழுவப் போனேன். கழிப்பறைக் கதவு கனத்த தேக்கு, அரண்மனைக்குத் தகுந்த வேலைப்பாடு, நடுவில் பித்தளை வளையமிட்ட வட்டக் கண்ணாடி. கழிப்பறைக்கு எதற்குச் சன்னல் என்று கேட்டேன்.

"அது கப்பல்ட கதவு ஐயா. முதல் வகுப்பு" என்றார் ராணி.

எந்தக் கப்பல் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நான் தேடி வந்த கப்பல்தான். ஊரில் பாதி வீடுகளில் அதன் கதவோ கட்டிலோ பீங்கான் தட்டோ இருக்கிறதாம். கப்பல் மோதியது ஊருக்குத் தைப்பொங்கல் மாதிரி என்று அவருடைய பாட்டனார் சொல்வாராம். எத்தனை பேர் செத்தார்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். ராணி யோசித்துப் பார்த்தார்.

"ரெண்டு மாடு" என்றார்.

பிறகு விவரமாகவே சொன்னார். காற்றுமில்லை, மழையுமில்லையாம். விடியற்காலையில் கப்பல் கரைக்குப் பக்கத்தில் மணல்திட்டில் ஏறிச் சாய்ந்துவிட்டது. ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே கரைக்கு வந்துவிட்டார்கள். துரைமார்களை மட்டும் ஊர்க்காரர்கள் தோளில் தூக்கிவந்தார்களாம். நனைவது அவர்களுக்குப் பழக்கமில்லை. காளைகளைக் கட்டிப்போட்டிருந்ததால் அவை இரண்டும் செத்தன. வேறு கப்பல் வந்து கூட்டிப்போகும்வரை ஊரே அவர்களுக்குச் சோறு போட்டது. "அந்தக் கப்பல் வரக்குள்ள சில ஆக்கள் ஏறல்லையாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்? சாப்பாடு பிடிச்சிருக்கும்."

அவர் முகத்தில் மோகனூர் மூக்கு தெரிகிறதா என்று என்னையறியாமல் தேடினேன். தெரியவில்லை. அந்த ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

படுத்தபின் எனக்கு ஒரே கவலை. இதைச் சொன்னால் நூறு ஆண்டுகளாகக் கும்பிட்டு வந்த ஒரு வீரர், சோற்றுக்காக வீட்டை மறந்தவராகிவிடுவார். கோபத்தில் சென்னியப்பன் மறுநாளே இராசிபுரத்துக்கு வெற்றிலை பாக்கு அனுப்பிவிடக்கூடும். சொல்லாமல் திதியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் எல்லோரும் திருப்தியடைவார்கள், நிவேதாவும் கப்பலேறுவாள். பொய்யே சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முடிவுசெய்தேன்.

மூன்றாம் நாள், ஆடி அமாவாசை. படகுக்காரர் ரூபன் என்னைக் கூட்டிப்போனார். ஆழ்கடல் பயணத்துக்குத் தயாராக நான் வாந்தி மாத்திரை போட்டிருந்தேன். மாத்திரை கரைவதற்குள் இடம் வந்துவிட்டது. கப்பலில் மிஞ்சியிருந்த கொதிகலனின் துருப்பிடித்த முதுகு நீருக்கு மேலே எருமைபோலத் தெரிந்தது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. இறங்கலாம் என்றார் ரூபன். பாதுகாப்புச் சட்டையை இறுக்கிக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்துக் குதித்தேன். காலில் மணல் பட்டது. தண்ணீர் நெஞ்சுவரை இருந்தது. கொஞ்சம் தள்ளி, அமாவாசைத் தீர்த்தமாட வந்த ஒரு குடும்பம் தாத்தா முதல் குழந்தைவரை குளித்துக்கொண்டிருந்தது.

ரூபன் படகில் உட்கார்ந்தபடி என் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். மோகனூர் தெரிந்தது. அங்கே காவிரி இரு கரையும் புரண்டு பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூரில் உபரிநீர் திறந்திருந்தார்கள். ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. படித்துறையில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ஆறு இழுத்துக்கொண்டு போகாமலிருக்க லாரித் தார்ப்பாய்க் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பங்காளிகள் பிடித்திருந்தார்கள். சற்றுப் பின்னால் குழந்தைவேலும் சாந்தாமணியும் நிவேதாவும். அந்த ஆற்றில் கயிறு அறுந்தால் மனிதர் கீழே அடுத்த அணைக்கட்டில்தான் கிடைப்பார். கடலில் செத்தவருக்கு அவர்கள் ஆற்றில் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கடலில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தேன்.

சென்னியப்பன் என்னை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க மாப்ளே, கப்பல் கிட்டப் போலீங்களா?"

"தொட்டுக்கிட்டுத்தான் நிக்கறேனுங்க" என்று கொதிகலனைத் தட்டிக் காட்டினேன்.

"அப்ப ஆழத்துக்குப் போங்க."

"இதுதானுங்க ஆழம்."

அந்த நேரம் பார்த்து, குளித்துக்கொண்டிருந்த குடும்பத்துப் பெண்மணி ஒருவர் எனக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையும் கையில் வடையுமாகக் கப்பலைக் கடந்து நடந்துபோனார். மோகனூரில் அத்தனை தலைகளும் அவரோடு இடமிருந்து வலம் திரும்பின.

பங்காளிகளில் ஒருவர் முதலில் சுதாரித்தார். அந்தக் காலத்தில் ஆழமாக இருந்திருக்கும், நூறு வருடத்தில் மண் மேடேறியிருக்கும் என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. சென்னியப்பன் என்னிடம் கேட்டார்: "நீங்க தேதியெல்லாம் தெரிஞ்சவுங்க. அப்ப ஆழமாத்தான இருந்திருக்கும்?"

ஆமாம் என்றால் முடிந்தது. மண் மேடேறுவது உலக வழக்கம்தான். நான் திரையில் நிவேதாவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவும் இல்லை, சைகை செய்யவும் இல்லை. எதைச் சொன்னாலும் சரி என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருப்பது அவ்வளவு சுலபமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் சொல்வது இது என்று, புயலில்லாததையும், எல்லோரும் நடந்து கரையேறியதையும், ஊரார் சோறு போட்டதையும், சிலர் அடுத்த கப்பலில் ஏறாமல் நின்றுவிட்டதையும் ராணி சொன்ன வரிசையிலேயே சொன்னேன். செத்தவை இரண்டு காளைகள் என்பதைக் கடைசியாகச் சொன்னேன். சாந்தாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று திரையில் தெரியவில்லை.

"அப்ப நாங்க இத்தன வருசமா மாட்டுக்கா படையல் போட்டோம்?" என்றார் சென்னியப்பன்.

குழந்தைவேல் பணிவாகச் சொன்னார்: "மாடும் நம்ம மாடுதானுங்களே அண்ணா."

கயிற்றைப் பிடித்திருந்த பங்காளிகளுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. அவர் நடந்து கரையேறியிருந்தால் அதுவும் ஒரு வீரம்தான் என்றார் ஒருவர். ஏறியவர் ஏன் ஊருக்கு வரவில்லை என்றார் இன்னொருவர். ஞாபகமறதி வந்திருக்கும் என்றார் மூன்றாமவர். பேச்சு மும்முரத்தில் கயிறு தளர்ந்து சென்னியப்பன் ஒரு படி வழுக்கினார். பிறகுதான் இழுத்துப் பிடித்தார்கள்.

அப்போது நிவேதா முன்னால் வந்து அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, கடலு அவரைக் கொண்டுபோய்க் கரையில உட்டுருச்சுங்க. அப்புறம் ஊட்டுக்கு வராதது அவரு. இதுல கடலு பண்ணுன தப்பு என்னங்க?"

சென்னியப்பன் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டார். தலைமுறைகளாக நடந்த நோன்பு ஒன்று அவர் காலத்தில் உடைவதை அவர் விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சட்டென்று முகம் தெளிந்தது. ஒரு நோன்பைக் கைவிடுவதைவிட இடம்மாற்றுவது எளிது.

"செரிதான் அம்மிணி. கெடுத்தது கடலில்ல, கரை. இனிமேலு நம்ம கூட்டத்துல யாரும் அசலூருக் கரையில கால் வெக்கப்படாது. நீ கப்பலுக்குப் போ. எங்கயும் எறங்காதே."

கயிற்றின் கடைசியில் நின்றவர் மெதுவாக இருமினார். அமெரிக்காவில் இருப்பவனின் அப்பா. "பையன் அங்க ஊடே வாங்கிட்டானுங்களே" என்றார்.

"அவன் பிளேன்ல போனவன். இது கப்பல்ல போறவுங்களுக்கு" என்று சென்னியப்பன் அங்கேயே திருத்தம் போட்டார். அந்தக் கூட்டத்தில் கப்பலில் போகிறவள் நிவேதா ஒருத்திதான்.

இராசிபுரத்துக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று யாரோ கேட்டார்கள். பெண் கடலிலேயே இருப்பாள், கரைப்பக்கமே வரமாட்டாள் என்று தானே போய்ச் சொல்வதாகச் சென்னியப்பன் ஏற்றுக்கொண்டார். அதற்குமேல் அவர்களும் கேட்க மாட்டார்கள் என்றார். குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

திதி பாதியில் நின்றிருந்தது. உயிரோடு கரையேறிய மனிதருக்கு இந்த இடத்தில் பிண்டம் போடலாமா என்று நான் கேட்டேன். பங்காளிகள் கலந்து பேசினார்கள். மாட்டுக்கே போடுங்க என்று உத்தரவானது. பசையால் அடைத்த செம்பு திறக்கவில்லை. ரூபன் நங்கூரத்தால் ஓங்கித் தட்டித் திறந்து தந்தார். எள்ளும் அரிசியுமாக உருட்டியதை இரண்டு பங்காகப் பிரித்துக் காவிரி நீரோடு கொதிகலனின் இருபுறமும் விட்டேன். கூட்டமாக வந்த சிறுமீன்கள் என்னை இடித்துத் தள்ளிவிட்டு அவற்றை எடுத்துக்கொண்டன. மந்திரம் சொல்ல வேண்டிய இடத்தில் சென்னியப்பன் கொஞ்சம் தயங்கி, மாட்டை ஓட்டும்போது எழுப்பும் ஒலி ஒன்றை எழுப்பினார்.

பிறகு அங்கே எல்லோரும் வேட்டியைப் பிழிந்துகொண்டு சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். திரையில் படிகளும் கால்களும் மாறிமாறித் தெரிந்தன. அழைப்பைத் துண்டிக்க யாருக்கும் நினைவில்லை. கடைசியில் யாரோ கைப்பேசியைத் தூக்கினார்கள். நிவேதாவின் முகம் திரை முழுக்க வந்தது. கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் கப்பலேறுவதற்கே முதலில் சிங்கப்பூரில் இறங்கியாக வேண்டும், அதைப் பெரியப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றாள். நானும் சரி என்றேன். என்னையறியாமல் நான் இன்னும் அதே இடத்தில் நெஞ்சளவு நீரில் நின்றுகொண்டிருந்தேன்.

"மாமா, நீங்க இந்தக் கூட்டம் இல்லீங்க" என்றாள். "தாராளமாக் கரையேறுங்க."